விண்டோஸ் ஈவென்ட் லாக்: எந்த லைப்ரரியைக் கையில் எடுப்பது?

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு துணிக்கடை. பில் போடும் கணினி வாரத்தில் மூன்று நான்கு நாள் திடீரென்று அணைந்துபோகிறது, கணக்கு டேட்டாபேஸ் இரண்டு தடவை கெட்டுவிட்டது என்று முதலாளி கூப்பிட்டார். வட்டைக் கழற்றி எடுத்து வந்து, என்னோடு வேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்தேன். விண்டோஸ் தன்னில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடுதான் ஈவென்ட் லாக். அவள் தன் லினக்ஸ் மடிக்கணினியில் அதில் ஒன்றான சிஸ்டம் லாக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு முறையும் கணினி கடைசியாக உயிரோடிருந்த நேரத்தை வரிசையாக எடுத்தாள். 14:05, 14:11, 14:03. "அண்ணே, மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் போகுது" என்றாள். நான் அதை அப்படியே முதலாளிக்குச் சொன்னேன். அந்த நேரத்தில் கல்லாவில் நிற்பவன் கல்லூரியில் படித்துக்கொண்டே பகுதிநேரம் வேலை செய்யும் ஒரு தம்பி. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சாயங்காலமே அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை அதே கோப்பை ஒரு விண்டோஸ் கணினியில், லாக்கைப் படிக்க விண்டோஸோடு வரும் ஈவென்ட் வியூவரில் திறந்தேன். முந்தைய ஷட்டவுன் இரவு 10:05க்கு எதிர்பாராமல் நடந்தது என்று 6008 எண் நிகழ்வு தெளிவாகச் சொன்னது. லினக்ஸில் நாங்கள் எடுத்தது உலகப் பொது நேரம் (யுடிசி). மலேசியா அதற்கு 8 மணி நேரம் முந்தியது. கடையைப் பூட்டுகிற ஆள் சில நாள் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். கணினி திரும்ப எழுந்த நேரம் 01:40 என்று எங்கள் பட்டியலிலேயே இருந்தது. நள்ளிரவு தாண்டி, பூட்டிய கடைக்குள் யார் இருந்து கணினியைப் போட்டார்கள் என்று அப்போதே கேட்டிருந்தால் போதும். கடைக்குப் போய் முதலாளியிடமும் அந்தத் தம்பியிடமும் மன்னிப்புக் கேட்டேன். தம்பி வேலைக்குத் திரும்பிவிட்டான்.

கோப்பைப் படிக்க நாங்கள் பயன்படுத்திய லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு, தப்பு எதுவும் செய்யவில்லை. நேரத்தைப் பொது நேரக் குறியோடுதான் கொடுத்தது. அட்டவணை போடும்போது அந்தக் குறியை வெட்டியது எங்கள் நிரல். ஆனால் ஒவ்வொரு லைப்ரரியும் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்காமல் விடுகிறது என்று தெரியாமல் நாங்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஜார்ஜ்டவுனில் கடைகள், பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக், பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் இயந்திரங்களோடு இணைத்த கணினிகள் என்று நாங்கள் பார்த்துக்கொள்ளும் இடங்கள் பலவகை. எல்லாவற்றிலும் ஈவென்ட் லாக்கைப் படிக்கவும், எங்கள் மென்பொருளின் நிகழ்வுகளை அதில் எழுதவும் ஒரு கருவி செய்ய வேண்டும். எதை வைத்துச் செய்வது என்று உட்கார்ந்து பார்த்ததன் விவரம் இது.

கோப்புக்குள் இருப்பதும் இல்லாததும்

ஈவென்ட் லாக் 1993-இல் வந்த விண்டோஸ் என்டி 3.1 காலத்திலிருந்து இருக்கிறது. விஸ்டாவில் அதை அடியோடு மாற்றினார்கள். ஈவிடி என்ற பழைய கோப்பு வடிவம் போய் ஈவிடிஎக்ஸ் வந்தது. முதலில் 4096 பைட் தலைப்பு, அதன் பின் 64 கிலோபைட் அளவில் துண்டு துண்டாகப் பதிவுகள். ஒவ்வொரு பதிவும் பைனரி வடிவில் சுருக்கிய எக்ஸ்எம்எல், அதாவது குறிச்சொற்களால் பிரித்த உரை. ஒவ்வொரு துண்டும் தனக்கு வேண்டிய வார்ப்புகளையும் சொற்களையும் தன்னிடமே வைத்திருக்கிறது. மின்சாரம் போய் கோப்பு பாதியில் கெட்டாலும் மற்றத் துண்டுகளை மீட்க முடிவது அதனால்தான்.

கோப்பில் இல்லாத ஒன்றைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஈவென்ட் வியூவரில் நாம் படிக்கும் வாக்கியம் அந்தக் கோப்பில் கிடையாது. எண், நேரம், எழுதிய நிரலின் பதிவுப் பெயர் (சோர்ஸ்), வாக்கியத்தின் கோடிட்ட இடங்களில் நிரப்ப வேண்டிய சொற்கள், இவை மட்டுமே கோப்பில் இருக்கும். வாக்கியத்தின் வார்ப்பு அந்தக் கணினியில் நிறுவிய ஒரு டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பு) கோப்பில் தனியாக இருக்கிறது. அதனால்தான் ஒரு கணினியின் லாக்கை இன்னொரு கணினிக்குக் கொண்டுபோனால், இந்த நிகழ்வின் விளக்கம் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்து நிற்கிறது. லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி இதிலிருந்து பிறந்ததுதான்: படிக்கப்போவது ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலா, எடுத்து வந்த கோப்பிலா? வேகம், மொழி, உரிமம் எல்லாம் அதற்குப் பிறகு.

நேரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிய வடிவம் 1601 ஜனவரி 1 முதல் 100 நானோவினாடி அலகில், பொது நேரத்தில் எண்ணுகிறது. விண்டோஸின் பழைய செயல்கூறுகள் (ஃபங்ஷன்கள்) 1970 முதல் வினாடிக் கணக்கில் மட்டும் கொடுக்கின்றன. ஒரே வினாடிக்குள் நடந்த இரண்டு நிகழ்வுகளின் இடைவெளி அங்கே தெரியாது. மேற்கு மலேசியா 7 மணி 30 நிமிடத்திலிருந்து 8 மணிக்கு மாறியது 1982 பிறந்தபோது. அதற்குப் பிறகு கடிகாரத்தைத் தொடவில்லை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு 8-ஐக் கூட்டலாம் என்று தோன்றும். நான் கூட்டுவதில்லை. பைதானில் ஆசியா/கோலாலம்பூர் என்ற மண்டலப் பெயரையும், மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட்டில் சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் டைம் என்ற பெயரையும் கொடுத்து மாற்றுகிறேன். விண்டோஸில் நமக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே மண்டலப் பெயர்தான். அட்டவணையின் தலைப்பிலேயே 'மலேசிய நேரம்' என்று எழுதிவிடுகிறேன்.

பழைய கதவு, புதிய கதவு

எந்த மொழியில் எழுதினாலும் அடியில் இருப்பவை இரண்டே வழிகள். என்டி காலத்து ஓப்பன்-ஈவென்ட்லாக், ரீட்-ஈவென்ட்லாக் வகை ஒன்று. விஸ்டாவோடு வந்த ஈவிடி-குவெரி, ஈவிடி-நெக்ஸ்ட் வகை மற்றொன்று. ஒரு லைப்ரரியின் பெயரைவிட அது எந்தக் கதவு வழியாகப் போகிறது என்பது எனக்கு முக்கியம். பழைய கதவுக்கு அப்ளிகேஷன், சிஸ்டம், செக்யூரிட்டி போன்ற மரபான லாக்குகள் மட்டுமே தெரியும். விஸ்டாவுக்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான தனி சேனல்கள், அதாவது ஒவ்வொரு பகுதிக்குமான தனி லாக்குகள், அதன் கண்ணில் படாது.

கண்ணில் படாவிட்டால் பிழை காட்ட வேண்டாமா? காட்டுவதில்லை. ஓப்பன்-ஈவென்ட்லாக்கிடம் அதற்குத் தெரியாத லாக்கின் பெயரைக் கொடுத்தால் அது பேசாமல் அப்ளிகேஷன் லாக்கைத் திறந்து கொடுத்துவிடும். மைக்ரோசாஃப்ட் இதை ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. கிளினிக்கில் வெளியிலிருந்து யாராவது ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தார்களா என்று பார்க்க, அந்த அமர்வுகளுக்கான சேனலின் பெயரைப் பழைய செயல்கூறுக்குக் கொடுத்து நான் ஒரு நிரல் எழுதியிருந்தேன். பதிவுகள் வந்தன, பிழை எதுவும் இல்லை, நுழைவைக் குறிக்கும் 21-ஆம் எண்ணோ மீண்டும் இணைந்ததைக் குறிக்கும் 25-ஆம் எண்ணோ எங்கும் இல்லை. யாரும் நுழையவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். வாரக்கணக்கில் நான் படித்துக்கொண்டிருந்தது அப்ளிகேஷன் லாக்கை. பிழை கொடுத்து நின்றிருந்தால் அன்றைக்கே சரிசெய்திருப்பேன். பொய்யான நிம்மதியைக் கொடுக்கும் கருவி நோயாளிகளின் விவரம் இருக்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

நிகழ்வு எண்ணிலும் பழைய கதவு ஒரு குழப்பம் வைத்திருக்கிறது. 6008-ஐத் தேடினால் கிடைக்காது, 2147489656 என்று வந்து நிற்கும். எண்ணின் மேல் பாதியில் தீவிரம் போன்ற வேறு விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 65535 என்ற முகமூடியை வைத்துக் கீழ்ப் பாதியை மட்டும் எடுத்தால் பழகிய 6008 வெளியே வரும். புதிய கதவில் இந்தத் தொல்லை இல்லை.

புதிய கதவின் பெரிய பலம் வடிகட்டல். எக்ஸ்எம்எல்லில் தேடுவதற்கான எக்ஸ்பாத் வடிவில் கேள்வியைக் கொடுத்தால், கடைசி 24 மணி நேரத்தில் வந்த, தோற்றுப்போன உள்நுழைவைக் குறிக்கும் 4625 மட்டும் என்று லாக் சேவையே பொறுக்கிக் கொடுக்கும். ஆனால் முழு எக்ஸ்பாத் அங்கே இல்லை. ஒரு சொல் உள்ளே இருக்கிறதா, இந்த எழுத்தில் தொடங்குகிறதா என்ற தேடல்களுக்கு அது இடம் கொடுக்காது. நிபந்தனைகள் 22-ஐத் தாண்டினால் சில விண்டோஸ் பதிப்புகள் கேள்வியையே மறுத்துவிடும். எண்ணையும் நேரத்தையும் வைத்து முதலில் சலித்துக்கொண்டு, சொல் தேடலை நம் நிரலில் செய்வதே நல்லது.

பைவின்32

பைதான்காரர்கள் முதலில் கையை நீட்டுவது மார்க் ஹாமண்ட் தொடங்கிய பைவின்32 என்ற லைப்ரரியிடம்தான். இரண்டு கதவுகளையும் அது திறந்து கொடுக்கிறது. வலையில் கிடைக்கும் உதாரணங்களில் பெரும்பாலானவை பழைய கதவைக் காட்டுவதால், பைவின்32 என்றாலே அதுதான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈவிடி-குவெரி, ஈவிடி-ரெண்டர், ஈவிடி-சப்ஸ்கிரைப், விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் புக்மார்க் எல்லாமே அதில் உண்டு.

சி மொழியில் எழுதுவதற்கு மிக அருகில் நின்று எழுத வேண்டியிருக்கும். ஈவிடி-நெக்ஸ்டிடம் ஒரே மூச்சில் நிறையப் பதிவுகளைக் கேட்டால் 1734 என்ற பிழை வரலாம். எண்ணிக்கையைக் குறைத்து மறுபடி கேட்க வேண்டும். கிடைத்த எக்ஸ்எம்எல்லைப் பிரிப்பது உங்கள் பொறுப்பு. 6008-இன் தேதியைப் பிரிக்கப் போனால் இலக்கங்களுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாத திசைக் குறி எழுத்துகள் ஒளிந்திருக்கும். அவற்றை நீக்காமல் தேதியாக மாற்ற முடியாது. இதெல்லாம் தெரிந்தவர் கையில் பைவின்32 நல்ல ஆயுதம். ஒரு கணினியின் முன் உட்கார்ந்து, இன்றைக்கே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

வாடிக்கையாளர் கணினியில் நிறுவிவிட்டு வர மாட்டேன். பிறையில் ஒரு பட்டறையில் அச்சு இயந்திரத்தோடு இணைத்த கணினி இன்னும் விண்டோஸ் 7-இல் ஓடுகிறது. அதன் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது என்பது அவர்களுக்கும் தெரியும். இயந்திரத்தின் டிரைவர் வேறு பதிப்பில் ஓடாது என்பதால் வலையோடு இணைக்காமல் வைத்திருக்கிறார்கள். பைதான் 3.9 முதல் விண்டோஸ் 7-இல் ஓடாது. 3.8-க்கோ 2024 அக்டோபரோடு திருத்தங்கள் நின்றுவிட்டன. ஒரே ஒரு கணினிக்காகத் தனிப் பதிப்பை வளர்ப்பது எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்குக் கட்டுப்படியாகாது.

டாட்நெட்

டாட்நெட்டிலும் இரண்டு குடும்பங்கள் உண்டு. சிஸ்டம் டயக்னாஸ்டிக்ஸில் உள்ள ஈவென்ட்லாக் என்ற வகுப்பு (கிளாஸ்) பழைய கதவு. டாட்நெட் 3.5-இல் வந்த ஈவென்ட்லாக்ரீடர், ஈவென்ட்லாக்வாட்சர் ஆகியவை புதிய கதவு. படிப்பதற்கு இரண்டாவதையே எடுங்கள். முதல் வகுப்பை எழுதுவதற்கு வைத்துக்கொள்ளலாம்; அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் டாட்நெட் பக்கம் சாய்ந்ததற்கு முதல் காரணம், அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்பதுதான். விண்டோஸ் 7-இல் 3.5.1 உள்ளேயே வருகிறது. விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பிலிருந்தும், விண்டோஸ் 11-இலும் 4.8 வரிசை இருக்கிறது. பிறையில் அந்தப் பழைய கணினியிலும் லெபோ பாசாரின் புதிய கணினியிலும் படிப்பதற்கான மூல நிரல் ஒன்றே. தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. புதிய டாட்நெட்டுக்குப் போக நினைப்பவர்கள் இதை நுகெட் என்ற தொகுப்புக் களஞ்சியத்திலிருந்து தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும். அப்போதும் விண்டோஸில் மட்டுமே ஓடும், லினக்ஸில் இந்தத் தளத்துக்கு ஆதரவில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

குறைகளும் இருக்கின்றன. ஃபார்மட்-டிஸ்கிரிப்ஷன் என்ற செயல்கூறு வாக்கியத்தை அழகாகக் கோத்துத் தரும். ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் வார்ப்பைத் தேடிப் போவதால் மெதுவாக இருக்கும். செக்யூரிட்டி லாக் முழுவதையும் அதன் வழியாக விட்டால் மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம். முதலில் எண், நேரம், தரவு மூன்றையும் எடுத்துக்கொண்டு, மனிதர் படிக்கப்போகும் சில பதிவுகளுக்கு மட்டும் வாக்கியத்தைக் கேளுங்கள். வார்ப்பு கிடைக்காவிட்டால் வெற்று மதிப்பு வரும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவையும் வேலை முடிந்ததும் டிஸ்போஸ் செய்து விடுவிக்காவிட்டால் நாள் முழுக்க ஓடும் சேவையில் நினைவகம் ஏறிக்கொண்டே போகும்.

செக்யூரிட்டி லாக்கைப் படிக்க வேண்டுமென்றால் சேவைக்கு அட்மின் உரிமை கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஈவென்ட் லாக் ரீடர்ஸ் என்று ஒரு குழுவே விண்டோஸில் உண்டு. சேவையின் கணக்கை அதில் சேர்த்தால் போதும்.

விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல் டாட்நெட்டின் தம்பிதான். கெட்-வின்ஈவென்ட் புதிய கதவு; கெட்-ஈவென்ட்லாக் பழையது, பவர்ஷெல் 6 முதல் அதை நீக்கிவிட்டார்கள், ரைட்-ஈவென்ட்லாக்கும் அதோடு போய்விட்டது. வடிகட்டலை ஃபில்டர்ஹேஷ்டேபிளில் கொடுத்தால் லாக் சேவையே சலிக்கும். எல்லாவற்றையும் இழுத்து வந்து வேர்-ஆப்ஜெக்டில் சலிப்பவர்கள் பவர்ஷெல் மெதுவானது என்று குறை சொல்கிறார்கள்.

கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு படிப்பவை

இறந்துபோன கணினியின் வட்டு மட்டும் கையில் இருக்கும்போது மேலே சொன்னவை அவ்வளவாக உதவாது. மின்சாரம் போய் அணைந்த கணினியின் லாக் கோப்பில், சரியாக மூடப்படவில்லை என்ற குறி நிமிர்ந்தே இருக்கும். விண்டோஸ் சில வேளை அதைச் சிதைந்த கோப்பு என்று சொல்லித் திறக்க மறுக்கும். அந்த வேலைக்கு மூன்று லைப்ரரிகள் உண்டு.

பைதான்-ஈவிடிஎக்ஸ் முழுக்கப் பைதானிலேயே எழுதியது. எந்தத் தளத்திலும் ஓடும், நிரலைத் திறந்து படித்தால் கோப்பு வடிவம் அப்படியே புரியும். எங்கள் பெண் கற்றுக்கொண்டது இதில்தான். அவள் இதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "அண்ணே, இதுலதான் என்ன நடக்குதுன்னு உள்ள போய்ப் பாக்க முடியுது" என்றாள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பெரிய கோப்புகளில் இது மிக மெதுவாகப் போகும். லிப்ஈவிடிஎக்ஸ் சி மொழியில் எழுதியது, தடயவியல்காரர்கள் நெடுநாளாக நம்பும் குடும்பத்தைச் சேர்ந்தது, பைதான் இணைப்பும் உண்டு. அதைக் கட்டி நிறுவுவதற்குள்தான் பொறுமை போய்விடுகிறது. மூன்றாவது ரஸ்ட் மொழியில் எழுதிய, கோப்பு வடிவத்தின் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்ட ஈவிடிஎக்ஸ். பைதானின் நிறுவும் கருவியான பிப் வழியாக ஒரே வரியில் நிறுவலாம், ஜேசன் என்ற தரவு வடிவிலும் எக்ஸ்எம்எல்லாகவும் கொடுக்கும், செயலியின் எல்லாக் கருக்களையும் பயன்படுத்தும், கெட்ட துண்டைத் தாண்டி அடுத்ததுக்குப் போகும். கோப்பு வேலைக்கு எங்கள் தேர்வு இதுதான். அவளும் இரண்டு நாளில் ஒப்புக்கொண்டாள். பைதான்-ஈவிடிஎக்ஸைப் படிப்பதற்கென்று வைத்திருக்கிறாள்.

மூன்றுமே கொடுப்பது பச்சைத் தரவை. வாக்கியம் வராது, நேரம் பொது நேரத்தில் வரும். துணிக்கடையில் எங்களுக்கு நடந்தது இதுதான். 6008-இன் தரவுப் பகுதியில் இரவு 10:05 என்று உள்ளூர் நேரம் எழுத்தாகவே இருந்தது. வாக்கியமாக இல்லாததால் எங்கள் கண்ணில் படவில்லை. அந்த 6008-உம், கூடவே வரும் கெர்னல்-பவர் 41-உம் எழுதப்படுவது கணினி மறுபடி எழுந்த பிறகு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவற்றின் பதிவு நேரத்தை மின்சாரம் போன நேரமாக எடுத்துக்கொண்டால் இன்னொரு தப்பான ஆள் மாட்டுவார்.

கணினி உயிரோடு இருக்கும்போதே லாக்கை எடுத்துப் போவதானால் கோப்பை வெறுமனே நகலெடுக்க வேண்டாம். விண்டோஸோடு வரும் வெவ்ட்யூட்டில் கட்டளையால் ஏற்றுமதி செய்து, அதன் ஆர்க்கைவ்-லாக் வசதியையும் ஓட்டுங்கள். வாக்கிய வார்ப்புகள் லோக்கேல்மெட்டாடேட்டா என்ற அடைவில் கூடவே வந்துவிடும். வேறு கணினியின் ஈவென்ட் வியூவரிலும் முழு வாக்கியமாகப் படிக்கலாம். நான் இதைத் தெரிந்துகொள்ளப் பல வருடம் ஆனது.

எழுதுவதுதான் கடினம்

படிப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். லாக்கில் எழுதும் பக்கம்தான் எங்களை அதிகம் படுத்தியது.

எழுதுவதற்கு முன் உங்கள் சோர்ஸின் பெயரை விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிந்து, வாக்கிய வார்ப்பு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு அட்மின் உரிமை வேண்டும். நிரல் முதல் தடவை ஓடும்போது பதிந்துகொள்ளலாம் என்று விட்டால், கல்லாவில் சாதாரணக் கணக்கில் ஓடும் நிரல் அங்கேயே விழும். டாட்நெட்டில் இன்னொரு பள்ளம் இருக்கிறது: சோர்ஸ் இருக்கிறதா என்று கேட்கும் சோர்ஸ்-எக்சிஸ்ட்ஸ் செயல்கூறே சாதாரணக் கணக்கில் தடுமாறும். அது செக்யூரிட்டி லாக் உட்பட எல்லாவற்றிலும் தேடிப் பார்க்கிறது, அங்கே பார்க்க அனுமதி கிடையாது. அதனால் சோர்ஸைப் பதிவது நிறுவியின் வேலை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பதிந்த உடனே எழுதவும் வேண்டாம், சற்று நேரம் கொடுங்கள். ஒரு லாக்கோடு கட்டிய சோர்ஸை வேறு லாக்குக்கு மாற்றினால் கணினியை ஒரு தடவை மறுபடி தொடங்க வேண்டும்.

பைதானில் லாக்கிங் தொகுதியோடு என்டி-ஈவென்ட்லாக்-ஹேண்ட்லர் என்று ஒன்று வருகிறது. பைவின்32 இருந்தால் இரண்டு வரியில் வேலை முடியும். அது எல்லா நிகழ்வுக்கும் 1 என்ற ஒரே எண்ணைப் போடும். நீங்கள் ஒரு துணை வகுப்பு எழுதி மாற்றாவிட்டால் பிற்பாடு எண்ணை வைத்துச் சலிக்க வழியில்லை. வாக்கிய வார்ப்புக்கு அது காட்டுவது பைவின்32-இன் ஒரு கோப்பை. அந்தக் கோப்பு உங்கள் நிரலுக்கென்று தனியாக வைத்த பைதான் சூழலின் (விர்ச்சுவல் என்விரான்மென்ட்) அடைவில் இருந்தால், நாளைக்கு அடைவை அழிக்கும்போது பழைய பதிவுகளின் விளக்கமெல்லாம் காணாமல் போகும். எங்களுக்கு அப்படிப் போனது.

டாட்நெட்டின் ஈவென்ட்லாக் வகுப்பு இதை நன்றாகத் தீர்த்திருக்கிறது. 0 முதல் 65535 வரை எந்த எண்ணைக் கொடுத்தாலும் நீங்கள் எழுதியதை அப்படியே காட்டும் பொது வார்ப்புக் கோப்பு அதோடு வருகிறது. எழுதுவதற்கு நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

எழுதும் செய்தி தமிழில் இருக்கலாமா? தாராளமாக. உள்ளே யுடிஎஃப்-16 என்பதால் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் அங்கே ஒரே விலை, இரண்டு பைட். யுடிஎஃப்-8-இல் தமிழுக்கு மூன்று ஆகும். ஒரு செய்திக்கு 31,839 குறிகள் வரை இடம் உண்டு. 'தமிழ்' என்பது அந்தக் கணக்கில் ஐந்து. நீளமான செய்தியை வெட்டும்போது மெய்யெழுத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவில் வெட்டிவிடாமல் பாருங்கள். துணிக்கடைக் கணினியில் இப்போது 'பில் சேமிக்கப்படவில்லை, வட்டில் இடம் இல்லை' என்று தமிழிலேயே எழுதுகிறோம். தொலைபேசியில் கூப்பிடும்போது முதலாளி அதையே வாசித்துக் காட்டுகிறார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். அப்ளிகேஷன் லாக்கை அந்தக் கணினியில் உட்காரும் எவரும் படிக்கலாம். கிளினிக் மென்பொருள் ஒன்று பிழைச் செய்தியோடு நோயாளியின் 12 இலக்க மைகார்டு (அடையாள அட்டை) எண்ணையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இலேயே வந்தது. 2024-இன் திருத்தத்தின்படி, 2025 ஜூன் முதல் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். எண்ணுக்குப் பதில் உள்ளகக் குறியீட்டை எழுதுங்கள். அதோடு, அந்த 72 மணி நேரத்தில் என்ன நடந்தது என்று சொல்ல உங்களிடம் லாக் மிஞ்சியிருக்க வேண்டும். அப்ளிகேஷன், சிஸ்டம் லாக்குகளின் இயல்பான அளவு 20 மெகாபைட், நிரம்பியதும் பழையதை அழித்துக்கொண்டு சுற்றும். கிளினிக்கில் நிறுவும் முதல் நாளே எல்லா லாக்குகளின் அளவையும் கூட்டிவிடுகிறோம்.

எடுக்காமல் விட்டவை

கோ மொழியின் துணைத் தொகுப்பில் உள்ள ஈவென்ட்லாக் எழுத மட்டும் தெரிந்தது. எளிய வழியில் பதிந்தால் விண்டோஸின் ஈவென்ட்கிரியேட் கட்டளையின் வார்ப்பைக் கடன் வாங்குவதால் 1 முதல் 1000 வரையான எண்களோடு அடங்க வேண்டும். ஜாவாவில் ஜேஎன்ஏ என்ற இணைப்பு லைப்ரரி வழியாகப் போகலாம், அந்த மொழியில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அது போதும்.

ஐம்பது அறுபது கணினிகள் உள்ள தொழிற்சாலைக்கு லைப்ரரியே வேண்டாம். விண்டோஸிலேயே இருக்கும் ஈவென்ட் ஃபார்வர்டிங்கை அமைத்து எல்லாவற்றையும் ஒரே கணினிக்கு வரவழையுங்கள். டொமைனில் (ஒரே மையச் சர்வரின் கீழ் சேர்த்த வலையமைப்பில்) இல்லாத கணினிகளுக்குச் சான்றிதழ்கள் கேட்கும் என்பதால் நாலு கணினி உள்ள கடைகளுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

நாங்கள் இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு இது. கணினிகளில் படிக்க டாட்நெட்டின் ஈவென்ட்லாக்ரீடர், எழுத ஈவென்ட்லாக் வகுப்பு, சோர்ஸைப் பதிய நிறுவி. வட்டு மட்டும் கையில் வரும்போது ரஸ்டின் ஈவிடிஎக்ஸ். அவசரத்துக்கு பைவின்32, அதுவும் புதிய கதவு வழியாக மட்டும். உங்கள் குழுவில் எல்லோரும் பைதான்காரர்கள், கணினிகள் எல்லாம் விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் என்றால் பைவின்32-உடன் முழுவதுமாக நிற்பதில் தவறில்லை. வார்ப்புக் கோப்பை நிலையான ஓர் இடத்தில் வையுங்கள்.

எங்கள் பெண் எழுதிய அறிக்கை நிரல் இப்போது நேரத்தை இரண்டு பத்திகளில் அச்சிடுகிறது, ஒன்று பொது நேரம், ஒன்று மலேசிய நேரம். ஒரு பத்தி போதாதா என்று கேட்டேன். "வேணாம்ணே, ரெண்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.